கொஞ்சம் மேலே பிடிம்மா

முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை. சாம்பல் நிறச் சேலையைக் கட்டி, செபமாலையைக் கைக்குள் சுருட்டி, செருப்பைக்கூட வாசல்படியில் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு, பிலோமினாள் கூடத்தில் உட்கார்ந்து மகன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ரெனால்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். வார்த்தை அவளுக்குப் புரியாது, குரல் புரியும். யெஸ் யெஸ் என்று இழுத்தால் எதிரே பெரிய ஆள். சிரித்தால் கூட்டாளி. பேச்சே இல்லாமல் பொத்தான் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தால் எங்கேயோ எதுவோ நின்றுபோய், கண்காணாத ஊரில் யாரோ இவனை நம்பிக் காத்திருக்கிறார்கள். இப்போது தட்டுகிற சத்தம்தான் வந்தது. பதினொரு மணிக்குப் பூசை. அவன் அப்பா கஸ்பாருக்கு வருசப் பூசை. அதிகாலைப் பூசையில் வைத்திருந்தால் எல்லாருக்கும் தோதுதான், ஆனால் விடியக்காலையில் அவன் முதுகு மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும், கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்கணும், அதனால் இவள்தான் சாமியாரிடம் போய்க் கெஞ்சிப் பதினொரு மணிக்கு மாற்றி வாங்கினாள். மகனும் வருவானா என்று அவர் கேட்டபோது, வருவான் சாமி, கட்டாயம் வருவான் என்று சொன்னாள். முப்பதாம் நாள் பூசைக்கு அவன் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வரவில்லை. இன்றைக்காவது வரணும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை, கல்யாணம் பண்ணு என்றுகூடக் கேட்பதை விட்டுவிட்டாள், அப்பா பெயரை வாசிக்கும்போது முன்வரிசையில் மகன் நிற்கணும், அவ்வளவுதான். காலையில் கேட்டதற்கு, “பத்தரைக்கெல்லாம் முடிஞ்சிரும்மா, சட்டய மாட்டிட்டு வந்துருதேன்” என்றான். “நெசமாவாய்யா?” என்றாள். “யம்மா, அப்பா பூசைக்கு வராம இருப்பனா?” என்று கோபித்துக்கொண்டான். கோபித்தது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அவன் உட்கார வேண்டாம், தூணோரம் நிற்கட்டும் என்று மணியடிக்கிற கோயில்பிள்ளையிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். நிற்கவும் முடியாமல் போனால் சாய்ந்துகொள்ள ஒரு சின்னத் தலையணை, அதைப் பூப்போட்ட பையில் போட்டு மடியில் வைத்திருக்கிறாள். பூசைக்குத் தலையணை கொண்டுபோகிறவள் இந்த ஊரில் இவள் ஒருத்திதான் இருப்பாள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை.

அவன் எப்படி எப்படியெல்லாம் இருந்து வேலை பார்த்துவிட்டான் என்று நினைத்தால் அவளுக்குத் தலை சுற்றும். ஊரடங்கில் ஊருக்கு வந்தவன், இங்கேயிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் தங்கிவிட்டான். முதலில் சாப்பாட்டு மேசை. அப்புறம் வலை போட்ட நாற்காலி, சக்கரம் வைத்தது, அதில் உட்கார்ந்தால் ஆளே கப்பல் கேப்டன் மாதிரி இருப்பான். அப்பா போனதுக்கு அப்புறம் அதில் உட்கார்ந்தால் வலி வந்தது. அப்புறம் பெரிய ரப்பர் பந்து, பிள்ளைகள் விளையாடுகிற பந்தை நாலு மடங்கு ஊதினமாதிரி, அதன்மேல் உட்கார்ந்து துள்ளித்துள்ளித் தட்டுவான், இவளுக்கு அடுப்படியிலிருந்து பார்க்கச் சிரிப்பு வரும், ஒருநாள் பந்து நழுவி விழுந்தான், அன்றைக்குச் சிரிப்பு நின்றது. அப்புறம் நின்றுகொண்டே வேலை பார்க்கணும் என்று டாக்டர் சொன்னாராம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேசை வேணும். வீடு முழுக்க அளந்து பார்த்தான். இருந்ததிலேயே சரியான உயரம் கூடத்துச் சுவரில் அவன் அப்பா ஆணியடித்துப் பொருத்தின பீடம்தான். “ரெண்டு நாளைக்குத்தாம்மா, ஒத்துக்கிடுதான்னு பாத்துட்டு எடுத்துருதேன்” என்று இருதய ஆண்டவர் படத்தை இரண்டு கையாலும் பயபக்தியாகத்தான் எடுத்தான், எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். ஆண்டவருக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பு இருந்த பிளக்கில் அவன் வயரைச் சொருகினான். அந்த நாளெல்லாம் இவள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று செபமாலை சொன்னாள். கதவைத் திறந்து தோசைமாவை எடுத்தால் ஆண்டவர் குலுங்குவார். மன்னிச்சிக்கிடும் ஆண்டவரே, பிள்ளை நோவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே மாவை எடுப்பாள். இப்போது அவன் அறைக்குள்ளே தினமும் காலையில் ஒரு மீட்டிங் நடக்கும், நின்றுகொண்டே பேசுகிற மீட்டிங் என்று அதற்குப் பெயராம், நின்றால் கால் வலித்துச் சீக்கிரம் முடிப்பார்கள் என்று வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாம். இவன் அதைப் படுத்துக்கொண்டு பேசுகிறான். அதுதான் முடியவே மாட்டேன் என்கிறது. நினைத்தவளுக்கு உடனே நாக்கைக் கடிக்கவேண்டும்போல் இருந்தது. நோயாளிப் பிள்ளையைக் குத்திக்காட்டுகிற நினைப்பு. பூசைக்குப் போகிற வாயும் மனசும் இப்படியா இருக்கும். ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாள், பாதியில் தட்டுகிற சத்தம் நின்றது, இவளும் நிறுத்தினாள், சத்தம் மறுபடி வந்தது, எந்த மணியில் விட்டோம் என்று தெரியாமல் விரல் தடவியது.

அந்த முழந்தாள் விசயம் மட்டும் நடக்காமல் இருந்திருக்கலாம். நினைக்கக்கூடாது என்று நினைத்தாலே அதுதான் முதலில் வந்து நிற்கிறது. தவக்காலம் அப்போது. அவள் காலைப் பூசை முடிந்து திரும்பி வருகிறாள், இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை, கொல்லைப்பக்கமாக வந்தால் அவன் சன்னல். திரை ஒதுங்கியிருந்தது. உள்ளே ரெனால்டு முழந்தாள்படியிட்டிருந்தான். முதுகு நேராக, தலை லேசாகக் குனிந்து, கை இரண்டும் நெஞ்சுக்கு முன்னால், கைலி தரைவரைக்கும் தழைந்து கிடந்தது. எதிரே இருந்து ஒரு வெளிச்சம் அவன் காதோரத்தில் பட்டது. பள்ளிக்கூட நாளில் உறுதிபூசுதல் வாங்கின வயசுக்கு அப்புறம் அவனை அந்தக் கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை. சத்தம் போடவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து கோயிலுக்கே போய்விட்டாள், மாதா சுரூபத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். மகன் மனசு திரும்பினால் வாழ்நாள் பூரா புதன்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறேன் என்று நேர்ந்திருந்தாள், அன்றிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். அது மட்டும் போதாதா, வாய் சும்மா இருக்கவில்லை, கஸ்பாரின் அண்ணன் பெண்டாட்டி ஜசிந்தா மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு நின்றவளிடம் போய், “அக்கா, ரெனால்டு முட்டுப்போட்டு செபம் பண்ணுதான், எங்கண்ணால பாத்தேன்” என்று சொல்லிவிட்டாள். ஜசிந்தாவிடம் சொன்னால் பங்குக் கோயில் சனம் எல்லாருக்கும் சொன்னதுதான். நாலு நாள் கழித்து சீலாமீன் துண்டு கொண்டு வந்தவள் நேரே அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் அதே கோலத்தில் இருந்தான், ஆனால் பட்டப்பகல், கைலி இல்லை, அரைக்கால்சட்டை. முட்டிக்குக் கீழே ஒரு மெத்தை, பின்னால் சரிந்த ஒரு பலகை, அடியில் இரும்பு. நாற்காலி. காசு கொடுத்து வாங்கின நாற்காலி. முழந்தாள்படியிட்டே வேலை பார்ப்பதற்கென்று செய்த நாற்காலி. எதிரே திரை எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதில் இருந்துதான் வேலை பார்த்திருக்கிறான். ஜசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏ பிலோமி, ஒம் மவன் கும்புடுத சாமிக்கு வயரெல்லாம் இருக்கே! எந்தப் பிளக்குல சொருவினா வரங் குடுக்கும்?” என்றாள். ரெனால்டு காதிலிருந்ததை எடுத்துவிட்டு, “என்ன பெரியம்மா?” என்று கேட்டான். விசயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். “யம்மா, இது முட்டுக்கு இல்ல, முதுகுக்கு. நீ ஊரெல்லாம் சொல்லிட்டியா?” என்றான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, பாவம், வலியில் கிடக்கிற பிள்ளை ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான், அதனால் இவளும் சேர்ந்து சிரித்தாள், மூன்று பேரும் சிரித்தார்கள், அப்புறம் அடுப்படியில் கழுவின மீனையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். அந்த நாற்காலியும் முட்டியைக் கன்றவைத்துவிட்டது, மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது. ஒருசந்தியை அவள் விடவில்லை. மாதா கேட்டதைக் கொடுக்கவில்லை, நாற்காலிக்கு எதற்கு நேர்ச்சை என்று மனசு கேட்கும். கொடுத்தாள் என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிட்டாயே, அதைத் திரும்ப வாங்குவாயா என்று இன்னொரு மனசு கேட்கும். சாமியாரிடம் கேட்கலாம், கேட்டால் கதை முழுக்கச் சொல்லணும். புதன்கிழமை வயிறு காய்கிறபோதெல்லாம் சரிந்த பலகையும் அந்த இரும்பும்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

அவன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டினவர், உயரத்தில் ஒரு கூண்டு, கால் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி, அது வழியாகக் கீழே கப்பலைப் பார்த்து, நாள் முழுக்கக் குனிந்த தலை. வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பார், சோற்றையும் அப்படிக் குனிந்து பார்ப்பார். முதுகு வலிக்கிறது என்று அவர் வாயால் அவள் கேட்டதில்லை. ராத்திரி திரும்பிப் படுக்கும்போது ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவருக்கு யார் பந்து வாங்கிக் கொடுத்தார்கள், யார் சரிந்த பலகை வாங்கிக் கொடுத்தார்கள். இங்கேதான் எப்போதும் நினைப்பு இடறும். ஏனென்றால் இவன் முதுகு போனதே அவரால்தான். அவர் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு தர மாட்டேன் என்றது கம்பெனி, இருந்த இடத்திலிருந்தே வேலை பாரு என்றது. பார்த்தான். அப்பா கட்டிலோரம் இரும்பு முக்காலியில், வராந்தாத் தரையில், தொடை மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கூனிக்குறுகி, ஒரு கையால் அவர் வாயைத் துடைத்து ஒரு கையால் தட்டிக்கொண்டு. வீட்டுக்குப் போய்யா என்றால் போகமாட்டான். அவர் கண்ணை மூடினபோதும் பக்கத்தில் இருந்தது அவன்தான், இவள் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் செபம் பண்ணிக்கொண்டிருந்தாள், ஓடிவந்து பார்க்கும்போது அவன் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தான், அழுகையால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முதுகு விட்டுப்போயிருந்தது. அப்பாவுக்காகப் போன முதுகு அப்பா பூசைக்கு வரவிடமாட்டேன் என்கிறது. யாரைக் கோபிப்பது? இவனைக் கோபித்தால் பாவம், அவரைக் கோபிக்க அவர் இல்லை, ஆண்டவரைக் கோபிக்க இவளுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபம் வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்படியில் பாத்திரத்தைத் துலக்குவாள், அதுவும் சத்தமில்லாமல். மிக்சி போடக்கூடாது, குக்கர் கூவக்கூடாது, மத்தியானச் செபத்தைப் பாட்டாகப் படிக்கக்கூடாது. தன் வீட்டிலேயே திருடிபோல் நடக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது போய்விடலாமா? எழுந்து தனியாகப் போய்விடலாம். நடந்தால் பக்கம்தான். ஜசிந்தா வாசலிலேயே நிற்பாள், “மவன் வரலியாக்கும்? மீட்டிங்கோ?” என்பாள். அதற்காக இல்லை. அவருக்குத் தெரியுமே. மேலே இருந்து குனிந்து பார்த்தே பழகின மனுசன், முன்வரிசையைப் பார்ப்பார். ஐந்து நிமிசம் பொறுக்கலாம். வாரேன் என்று சொல்லியிருக்கிறான்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பின்னாலேயே “யம்மா!” என்று குரல். வந்துவிட்டான் என்று எழுந்தாள், தலையணைப் பை கீழே விழுந்தது, கதவைத் தள்ளினாள். ரெனால்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தான். பூசைக்குப் போட வேண்டிய சட்டை கொடியில் தொங்கியது. வயிற்றின்மேல் தனியாகத் தட்டுகிற பலகை, முகத்துக்கு மேலே கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தான். அதைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புக் கை, கட்டில் தலைமாட்டில் திருகி வைத்திருந்தது, முறிந்து பக்கவாட்டில் ஆடியது. “இதப் பிடிம்மா, சீக்கிரம், கீழ விட்ராத” என்றான். பிடித்தாள். செபமாலை கையோடு சேர்ந்து நசுங்கியது. “ரெண்டாம் மணி அடிக்கப் போவுதுய்யா.” “தெரியும்மா, அவங்களுக்கு எல்லாமே நின்னுபோச்சு, நாந்தான் பாக்கணும், அஞ்சே நிமிசம். கொஞ்சம் மேல. இன்னும். கண்ணாடில லைட்டு அடிக்கி, எம்பக்கம் சாய்.” சாய்த்தாள். கட்டிலோரம் நின்று குனிந்து, முதுகைப் பாதி வளைத்து, கையை நீட்டி. அவள் கண்ணுக்கு எதிரே அந்தப் பெட்டியின் முதுகுதான் இருந்தது, மழமழவென்று, ஒன்றும் எழுதாத சுவர்மாதிரி. அடியில் சூடு கிளம்பி விரலைச் சுட்டது. உள்ளே ஏதோ காற்றாடி சுற்றுகிற உறுமல். அவன் விரல் அவன் வயிற்றின்மேல் ஓடியது. இரண்டாம் மணி அடித்தது. அவன் காதில் குமிழ் இருந்தது, அவனுக்குக் கேட்டிருக்காது, அல்லது கேட்டிருக்கும். கீழே வைத்துவிடலாம். அவன் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போய்விடலாம், நெஞ்சு தாங்கும். கை கேட்கவில்லை. பெற்றநாளிலிருந்து இவனுக்காக எதையாவது தாங்கிப் பழகின கை, பூசை என்றால் அதற்கு என்ன தெரியும். “யம்மா ஆட்டாத.” ஆட்டலைய்யா. மூன்றாம் மணியும் அடித்து ஓய்ந்தது, இப்போது சாமியார் பீடத்துக்கு வந்திருப்பார், ஆண்டவரே இரக்கமாயிரும், “கொஞ்சம் கீழ”, கிறிஸ்துவே இரக்கமாயிரும், “போதும் போதும், அப்படியே”, இப்போது பெயரை வாசித்திருப்பார், கஸ்பார் என்று, அந்தச் சாமியாருக்கு அழுத்திச் சொல்ல வராது, காற்றில் விட்டுவிடுவார், கேட்க முன்வரிசையில் யாரும் இல்லை. தோளிலிருந்து ஒரு கம்பி இழுத்தமாதிரி வலி முழங்கைக்கு வந்தது. திரைக்குள்ளிருந்து யாரோ என்னவோ கேட்டார்கள், நாலைந்து பேர் சிரித்தார்கள், ரெனால்டும் சிரித்தான், ஏதோ சொன்னான், மறுபடி சிரிப்பு. “என்னய்யா கேக்காவ?” என்றாள், என்னைப் பார்த்துவிட்டார்களோ, முக்காடு விலகியிருக்கிறதோ என்று பயந்து. அவன் பொத்தானை அமுக்கித் தன் சத்தத்தை நிறுத்திவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, படம் இன்னைக்கு அசையாம நல்லாருக்கே, புது ஸ்டாண்டா, எங்க வாங்குனன்னு கேக்கான்” என்றான். “நீ என்ன சொன்ன?” “உள்ளூர்ச் சரக்குன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டுப் பொத்தானை மறுபடி அமுக்கினான். நடுப்பூசையில் அடிக்கிற கைமணி இவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்றம் ஆகியிருக்கும், எல்லாரும் முழந்தாளில் இருப்பார்கள், இல்லை, நன்மை அப்பம் வாங்க வரிசையில் போயிருப்பார்கள், இல்லை, எல்லாமே முடிந்து கோயில்பிள்ளை மெழுகுதிரியை அணைத்துக்கொண்டிருப்பார், ஜசிந்தா படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டே யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கண் காய்ந்து எரிந்தது. விரல் மரத்துப்போய், பெட்டி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருந்தது. அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு வழியாக அவன் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூச்சு விட்டான். “முடிஞ்சுது. அப்பா! எல்லாம் ஓடிருச்சு.” அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தலைமாட்டில் வைத்தான். அவள் கை அந்த இடத்திலேயே நின்றது, இறக்கமுடியவில்லை, அவள் ஒன்றைப் பிடித்து ஒன்றை இறக்கினாள். சுவர்க்கடிகாரத்தை அவன் பார்த்தது அப்போதுதான். “ஐயோ, பூசை.” “முடிஞ்சிருக்கும்.” “சாரிம்மா. நெசமாவே வரணும்னுதான் இருந்தேன். ஃபாதர்ட்ட கேட்டு வேற நாளைக்கு மாத்தி வச்சிருவோமா? எனக்கு லீவு வாற நாளா.” அவர் செத்த நாளை எப்படிய்யா மாற்றுவது என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அவன் முகம் சுருங்கும். ஆஸ்பத்திரித் தரையில் கிடந்த அந்த முகம். “பாக்கலாம்” என்றாள். அவன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். அவனுக்கே ஆச்சரியம். “யம்மா, வலியே இல்லம்மா இன்னைக்கு. அந்தக் கம்பி எப்பவும் ஒரே இடத்துல நிக்கும், நாந்தான் அதுக்கு வளையணும். நீ நான் சொல்லுத மாதிரியெல்லாம் சாஞ்சு குடுத்த.” புருவத்துக்கு நடுவே எப்போதும் கிடக்கிற மடிப்பைக் காணோம். சின்னப்பிள்ளையில் தூங்கி எழுந்தமாதிரி இருந்தான். ஒரு வருசமாகக் கேட்ட செபம், இந்த வலி போகட்டும் ஆண்டவரே என்பது, கேட்கப்பட்டுவிட்டதா, கேட்டவர் இப்படித்தான் கொடுப்பாரா என்று அவளுக்குள் ஒன்று கசந்துகொண்டு ஏறியது. நன்றி சொல்ல வேண்டிய இடம், நன்றி வரவில்லை. “புது ஸ்டாண்டு வாரதுக்கு ஒரு வாரம் ஆவும்” என்றான், அவள் கையைப் பிடித்து, செபமாலை பதிந்த தடத்தைப் பெருவிரலால் தேய்த்துவிட்டபடி. “நாளைக்கும் இதே மாதிரி ஒரு வீடியோ கால் இருக்கு. பிடிப்பியாம்மா?”

முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

“எத்தன மணிக்குய்யா?” என்று கேட்டாள்.